ஆறு வயது மரத்தில் அறுபது வளையம்

மேக்கரைக்குப் போகும் பாலத்தை ஊத்துப்பாளையத்துக்காரர்கள் 2053ஆம் வருஷம் வைகாசியில் நட்டார்கள். ஆமாம், நட்டார்கள். நாற்பது சென்ட் நிலத்தில் நானூறு மலைவேம்புக் கன்றுகள். ஆறு வருஷத்தில் அவற்றிலிருந்து இருபத்து நான்கு உத்தரங்கள் எடுத்துப் பாலம் கட்டுவது என்று திட்டம்.

இரண்டு ஊருக்கும் நடுவே பவானிசாகர் அணையின் பின்தண்ணீர் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் வடிந்துவிடும், நடந்தே போகலாம். ஆனியில் ஏறினால் தை வரை பரிசல்தான். பழைய பாலத்தின் கல்தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மேல்தளம் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. மேக்கரையிலிருந்து ரிப்பேருக்கு வந்த மிக்ஸி ஒன்று, பரிசலில் ஏற்றினால் நனைந்துவிடும் என்று, நான்கு மாதம் கழித்துத்தான் வீடு திரும்பியது. மேக்கரையில் ஆனி முதல் தை வரை கல்யாணத்துக்கு யாரும் நாள் குறிப்பதில்லை.

இரும்புப் பாலத்துக்கு விண்ணப்பித்தபோது காத்திருப்போர் பட்டியலில் நூற்றுப் பதினான்காம் இடம் கிடைத்தது. அப்போதுதான் தன்யஸ்ரீ ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "பட்டியல்ல நிக்கறதுக்கு மரத்தை நட்டுப்போட்டு நிக்கலாமுங்க. மரமாவது வளரும்," என்றார். அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தன்யஸ்ரீ என்பது அவர் பிறந்த காலத்தில் நாகரிகமான பெயர். இப்போது கேட்டாலே வயது தெரிந்துவிடும். மேக்கரைக்காரர்களிடம், "ஆறு வருசம் பொறுங்க, ஏழாவது மழைக்குப் பாலத்துல வருவீங்க," என்று வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய அக்கா ஹரிணியைக் கட்டிக் கொடுத்திருப்பது மேக்கரையில். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அக்காவிடமிருந்து பரிசல்காரர் மூலம் ஒரு கேள்வி வரும்: "பாலம் இப்ப எவ்வளவு ஒசரம் வளந்திருக்குதுன்னு கேட்டுட்டு வாங்க."

மரம் வளர்ப்பது எளிது. உத்தரமாக வளர்ப்பதுதான் கஷ்டம். அதற்கு முதலில் நெருக்கம் வேண்டும். ஆறரை அடிக்கு ஒரு கன்று என்று நெருக்கி நட்டால், வெயிலுக்குப் போட்டி போட்டு எல்லாம் நேராக மேலே ஓடும். கீழ்க்கிளைகள் நிழலில் காய்ந்து விழுந்துவிடும். கிளை இல்லாவிட்டால் பலகையில் கணு இல்லை. கணு இல்லாவிட்டால் முறியும் இடம் குறைவு. பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோணலையும் நோஞ்சானையும் வெட்டிக் கழித்து, நல்லவற்றுக்கு இடம் விட வேண்டும். நானூறு இப்படித்தான் இருபத்து நான்கானது.

ஆனால் நேராக இருப்பது மட்டும் போதாது. வேகமாக வளர்ந்த மரம் உள்ளே இன்னும் குழந்தைதான். அதைப் பெரியவனாக்குவது காற்று. ஊத்துப்பாளையமோ மலையின் மடியில், காற்றே புகாத மூலையில் இருந்தது.

அதற்குத்தான் காப்பு. நாற்றுப் பண்ணைக்காரர்கள் கன்றோடு கொடுத்த கருவி அது. ஒரு வயது நிரம்பிய மரத்தில் மார்பளவு உயரத்தில் வளையமாக மாட்டினால், உள்ளே ஒரு எடை சுழன்று மரத்தை மெல்ல ஆட்டும். ஒரு பக்கமாக அல்ல, மாறி மாறி எல்லாப் பக்கமும். மரம் தான் ஒரு மலைக் கணவாயில் நிற்பதாக நம்பிவிடும். இந்த ரகத்தின் மரபணுவையும் கொஞ்சம் திருத்தியிருந்தார்கள்: எவ்வளவு ஆட்டம் கண்டதோ அவ்வளவு சீக்கிரம் முதிர்ந்த கட்டை போடும். நாற்பது வருஷத்து உறுதி ஆறே வருஷத்தில். கையேட்டில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு கட்டளை: ஆட்டத்தை நிறுத்தக் கூடாது.

ஆறு வருஷம் போயிற்று. 2059 சித்திரையில் இருபத்து நான்கு மரங்களையும் வெட்டிக் கொட்டகையில் அடுக்கினார்கள். இந்த இருபத்து நான்கையும் விட்டால் வேறு மரம் இல்லை. மரம் பாலத்துக்கு ஏற்றது என்று சான்று கிடைத்தால் ஐந்து வாரத்தில் பாலத்தை முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் இன்னும் ஆறு வருஷம்.

சான்று கொடுக்க வந்தவர் ரெக்ஸலின். தூத்துக்குடிப் பெண், முப்பத்து நான்கு வயது, தோளில் ஒரு பெட்டி, காலில் ரப்பர் செருப்பு. வந்ததும் ஒரு காபி குடித்தார், இரண்டாவது காபியைக் கையில் வைத்துக்கொண்டே காப்புகளின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, உண்மையச் சொல்லுதேன். நான் நாப்பது ஊரு பாத்தாச்சி. காப்பை இவ்ளோ ஒழுங்கா துடைச்ச ஊரு இதுதான். மாசா மாசம் பராமரிப்பு போட்டிருக்கிய."

தன்யஸ்ரீ பக்கத்தில் நின்ற கணவர் மிதுனைப் பார்த்தார். மிதுன் மேலே கொட்டகைத் தகரத்தைப் பார்த்தார்.

"சுத்தபத்தமா இருக்கோணுமில்லீங்க," என்றார் தன்யஸ்ரீ.

ரெக்ஸலின் பெட்டியிலிருந்து கைவிளக்குப் போன்ற ஒரு கருவியை எடுத்து வெட்டி அடுக்கிய முதல் தடியின் மீது ஓட்டினார். அது ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கட்டையின் உட்புறத்தைப் படமாகக் காட்டும். பெட்டி 'டிங்' என்றது. திரையில் சிவப்பு.

"மறுக்கப்படுகிறது," என்று படித்தார் ரெக்ஸலின். "மரத்தின் வயது அறுபது. ஐம்பது வளையத்துக்கு மேல் உள்ளது காட்டு மரமாகக் கருதப்படும். காப்புக்காட்டிலிருந்து வெட்டப்பட்டதா என விசாரணைக்கு அனுப்பப்படும்."

மிதுன் திரையை எட்டிப் பார்த்தார்.

"அறுபதுங்களா?" என்றார் மிதுன். "எனக்கே நாப்பத்தொம்பதுதானுங்க. என்னைவிட மூத்ததா அது? நான் கையில தூக்கி நட்ட கன்னுங்க."

ரெக்ஸலின் இரண்டாவது தடிக்குப் போனார். அறுபது. மூன்றாவது, அறுபது. மத்தியானத்துக்குள் இருபத்து மூன்று தடிகளுக்குச் சிவப்பு விழுந்துவிட்டது. பதினேழாம் எண் மட்டும் பச்சை: வயது ஆறு, ஏற்கப்படுகிறது.

அந்தப் பதினேழின் இரண்டு முனையிலும் ஊர்க்காரர்கள் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். ரெக்ஸலின் சாக்கை விலக்கினார். முனை நட்சத்திரம் போல நடுவிலிருந்து வெளியே பிளந்திருந்தது. கை விரல் உள்ளே போகும் அகலம்.

"நல்லா இருக்கு," என்றார். "முழுசா இருக்கதையெல்லாம் பெட்டி வேண்டாங்குது. வெடிச்சதை மட்டும் எடுத்துக்கிடுது."

"அது பரிசல்காரர் அஸ்வினோட மரமுங்க," என்றார் மிதுன். "மரங்களைக் குடும்பங்களுக்குப் பிரிச்சு உட்டிருந்தமுங்க, மத்ததெல்லாம் நம்ம குடும்பங்க பாத்துக்கிட்டது. அவருக்குப் பொழப்பே பரிசலு. பாலம் வந்துட்டா அவருக்கு என்ன வேலைங்க? வெட்டறப்பவே துப்பாக்கியாட்ட சத்தம் வந்துச்சு. என்ன பண்ணி வச்சிருந்தாரோ."

"மாமா, வாய வெச்சுட்டு சும்மா இருங்க," என்றார் தன்யஸ்ரீ.

அஸ்வின் கொட்டகை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது, துடுப்புப் போட்டுப் போட்டு ஒரு தோள் மட்டும் பெருத்த ஆள். "நான் ஒண்ணும் பண்ணலீங்க மிதுனு," என்றார். "ஒண்ணுமே பண்ணலீங்க. அதான் எனக்கும் புரியல."

ரெக்ஸலின் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த ஒரு வெட்டுத் துண்டை எடுத்து, நனைத்த துணியால் துடைத்து வெயிலில் காட்டினார். மற்ற மரங்களில் ஒன்றின் துண்டு அது. கண்ணுக்கே தெரிந்தது: மயிரிழை போல வெளிர் கோடுகள், இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒன்று, கடிகாரம் வைத்தது போல.

"அண்ணாச்சி, இங்க வாங்க. நீங்களும் வாங்கக்கா. மரத்துல வளையம் எதுக்கு விழுதுன்னு தெரியுமா?"

"வருசத்துக்கு ஒண்ணு," என்றார் மிதுன்.

"வருசம்னு மரத்துக்குத் தெரியாதுல்லா? அதுக்கு நல்ல காலம், கெட்ட காலம்தான் தெரியும். நல்ல காலத்துல பெரிய செல்லு, மெல்லிசு சுவரு. கெட்ட காலத்துல சின்ன செல்லு, தடிச்ச சுவரு. அடுத்தடுத்து வரும்போது நடுவுல ஒரு கோடு தெரியுது, அவ்ளோதான். காட்டுல அது வருசத்துக்கு ஒருக்கா மாறுது. உங்க ரகம் இலையே உதிர்க்காது, வருச வளையம் சரியா விழாது. பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. கோட்டை எண்ணும், வயசுங்கும். கோடே இல்லன்னா பதிவேட்டுல உள்ள வயசை எடுத்துக்கிடும்." நகத்தால் ஒரு கோட்டைத் தொட்டார். "அப்ப இந்த மரம் காப்பு மாட்டின அஞ்சு வருசத்துல அறுபது தடவை நல்ல காலம் பாத்திருக்கு. அஞ்சு வருசத்துக்கு எத்தனை மாசம்?"

"அறுபது," என்றார் தன்யஸ்ரீ மெதுவாக.

ரெக்ஸலின் பதிவேட்டை மறுபடி திறந்தார். பராமரிப்புத் தேதிகளை வரிசையாகப் படித்தார். இருபத்தொன்பது நாள், முப்பது நாள், இருபத்தொன்பது நாள். "முதல்ல சம்பளத் தேதின்னு நினைச்சேன். தேதி நகர்ந்துகிட்டே போகுது. உங்க வீட்டுக் காலண்டரைக் கொஞ்சம் கொண்டு வாரியளா?"

"காலண்டர் வேண்டாமுங்க," என்றார் தன்யஸ்ரீ. உட்கார்ந்துவிட்டார். "அம்மாவாசை."

"என்ன?"

"அம்மாவாசைக்கு நாங்க ஏர் பூட்ட மாட்டமுங்க. மாட்டுக்கு அன்னைக்கு லீவு."

"இந்த ஊர்ல மாடே பாக்கலியே. எல்லாம் மெஷின்தானே?"

"அதுதான் அம்மிணி. பழக்கம் இருக்குது, மாடு இல்ல. அம்மாவாசையானா கையி அரிக்குது, எதையாச்சும் அவுத்து உடோணும்னு. பாத்தா, ராப்பகலா ஆடிக்கிட்டு நிக்கறது இதுக மட்டுந்தான். ஊருக்காக வேலை செய்யறது இதுக மட்டுந்தான்."

"காப்புல ஒரு நீலப் பொத்தான் இருக்குதுங்க," என்றார் மிதுன், திடீரென்று உற்சாகமாக. மறைத்து வைத்திருந்த விஷயம் வெளியே வந்ததில் அவருக்குத்தான் பெரிய நிம்மதி. "தொடைக்கறதுக்குன்னு. அமுத்துனா ஒரு நாள் நின்னுபோகும். காலையில அமுத்திட்டு, அடிமரத்தைக் கழுவி உட்டு, தண்ணி பாச்சி, ஒரு சூடம் பொருத்தி வெச்சுட்டு வந்துருவமுங்க. எல்லாக் குடும்பமும்."

"ஒரு நாள் நின்னா இவ்ளோ தெரியாதே." ரெக்ஸலின் நெற்றியைச் சொறிந்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஐயோ. பொத்தானை அமுக்கினா காப்பு தன்னைப் புதுசா மாட்டினதா நினைச்சிக்கிடும். மரம் பழகட்டும்னு அஞ்சு நாள் மெல்லமாத்தான் ஆட்டும். ஒரு நாள் லீவு குடுத்ததா நீங்க நினைச்சிய. மரம் எடுத்துக்கிட்டது ஆறு நாளு."

அஸ்வின் தொண்டையைச் செருமினார். "நான் அமுத்துனதில்லீங்க. பொஸ்தகத்துல நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு."

"அது சரி, அம்மாவாசைக்கு நீங்க மட்டும் ஏன் உடல?" என்றார் மிதுன்.

"அம்மாவாசைக்கு மேக்கரை மொத்தமும் கோயிலுக்கு வருது. அன்னைக்குத்தான் எனக்கு இருவது நடை. எனக்கு ஏதுங்க அம்மாவாசை? எனக்கே இல்லாதப்ப மரத்துக்குக் குடுக்கோணும்னு தோணல."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பது போலச் சொன்னார். ஆனாலும் மிதுன் செருப்பு நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார்.

"இவர் மரம் வெடிச்சது ஏன்னு இப்பத் தெரியுது," என்றார் ரெக்ஸலின். வைக்கோல் கட்டு ஒன்று ஓரத்தில் கிடந்தது. அதைக் காட்டினார். "நிக்கிற மரம் இந்தக் கட்டு மாதிரி. வெளிப்புறம் கயிறு போல இழுத்துப் பிடிக்கும், உள்புறம் நசுங்கி நிக்கும். ரெண்டும் சரிக்குச் சரி. காத்து கூடக் கூட மரம் இன்னும் இறுக்கிக் கட்டும். வெட்டினா கயிறை அறுத்த கணக்கு. உள்ளது வெளிய தள்ளும், முனை பிளக்கும். அண்ணாச்சி மரம் அஞ்சு வருசம் ஒரு நாள் விடாம இறுக்கிக்கிட்டே இருந்திருக்கு."

"எங்களோடது?"

"மாசம் ஒருக்கா கொஞ்சம் தளர்வா ஒரு அடுக்கு போட்டிருக்கு. கட்டுக்குள்ள கட்டு. எல்லாம் ஒரே நேரத்துல தெறிக்கல. அப்படித்தான் இருக்கும்னு நினைக்கேன். வேற ஊர்லயும் வெட்டும்போது கொஞ்சம் வெடிக்கத்தான் செய்யும், நூத்துக்கு இருபது கழிஞ்சிரும். உங்களோடது ஒண்ணுகூட வெடிக்கல."

தன்யஸ்ரீக்கு அதைக் கேட்டு மகிழ நேரமில்லை. "அம்மிணி, சான்று?"

ரெக்ஸலின் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். மறுப்பை நீக்கக் காரணம் கேட்டு ஒரு கட்டம் துடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நாள் அவகாசம்.

"ரெண்டு வழி இருக்கு. கருவி பழுதுன்னு எழுதினா பெட்டி கேக்காம விட்டுரும். நாளைக்கே நீங்க உத்தரத்தைத் தூக்கலாம். ஆனா பாலத்துல நடக்கப் போறது உங்க அக்கா. உள்ள இருக்க மெல்லிசு அடுக்கு எவ்ளோ தாங்கும்னு எனக்கே இப்பத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன். இன்னொண்ணு, உண்மையை எழுதுறது. எழுதினா, சொன்னபடி வளர்க்காத மரம்னு ஆயிரும். அப்ப பேப்பர் சான்று செல்லாது. ஒவ்வொரு தடியையும் பாரம் ஏத்திப் பாக்கணும். ஒண்ணு முறிஞ்சாலும் அது போச்சி."

"ஒண்ணு போனாலே பாலம் இல்லீங்களே."

"ஆமா."

தன்யஸ்ரீ அடுக்கி வைத்திருந்த தடிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் எந்தக் குடும்பம் கழுவியது, எந்த வருஷம் எந்தக் கிளையைக் கழித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முறிந்துபோனால் அக்காவிடம் என்ன சொல்லுவது என்று ஒரு வாக்கியம் தேடினார்.

"பாரத்தை ஏத்துங்க," என்றார்.

முதலில் பெட்டியைச் சமாளிக்க வேண்டியிருந்தது. அறுபது கோடும் அமாவாசைதான் என்று நிரூபிக்க வேண்டும். இதில் ரெக்ஸலினுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. காப்பு மாட்டியதிலிருந்து வெட்டியது வரை அவர் கணக்கில் அறுபத்தொரு அமாவாசை. மரத்தில் அறுபதுதான். ஒரு கோடு எங்கே?

படத்தை உற்றுப் பார்த்ததில் அதுவும் அகப்பட்டது. இருபத்து மூன்று மரத்திலும் முப்பத்தாறாவது கோட்டுக்கும் முப்பத்தேழாவதுக்கும் நடுவே இரண்டு மடங்கு இடைவெளி.

"2057 வைகாசியில என்ன நடந்துச்சி? அந்த அமாவாசைக்கு யாருமே பொத்தானை அமுக்கல."

மிதுனும் தன்யஸ்ரீயும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "கோகுலு கல்யாணம்."

ஊர்ப் பையன் கோகுலின் கல்யாணத்துக்கு ஊரே நான்கு பஸ்ஸில் தாராபுரம் போயிருந்தது. கல்யாண நாள் அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். அமாவாசை விடியுமுன்பே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மரங்களுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. மரம் அதை உள்ளே எழுதி வைத்துக்கொண்டது. பத்திரிகை ஒன்று இன்னும் மிதுன் வீட்டு மின்சார மீட்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. ரெக்ஸலின் பத்திரிகையையும் படத்தையும் அருகருகே வைத்துப் பெட்டிக்குக் காட்டி, காரணத்தை நான்கு வரியில் எழுதினார்.

அரை நாள் கழித்துப் பதில் வந்தது. "ஏற்கப்பட்டது. மரங்கள் தோட்ட மரங்களே. பாரச் சோதனைக்கு உட்பட்டது. கூடுதல் கேள்வி: அமாவாசை என்பது எந்த வகைப் பராமரிப்பு?"

"என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டார் ரெக்ஸலின்.

"சும்மா இருக்கறதுன்னு எழுதுங்க," என்றார் மிதுன்.

அடுத்த நான்கு நாளும் ஊருக்குத் திருவிழா. இரண்டு கருங்கல் மேடை கட்டி, அதன்மேல் தடியைக் கிடத்தி, நடுவில் ஜாக்கியை வைத்து அழுத்துவார்கள். பாலத்தில் ஒரு கண்ணில், அதாவது இரண்டு தூணுக்கு நடுவில், நாற்பது பேர் நெருக்கி நின்றால் ஒரு தடிக்கு என்ன பாரம் வருமோ அதைப்போல இரண்டு மடங்கு. எவ்வளவு வளைகிறது என்று ஒரு முள் காட்டும். ரெக்ஸலின் தடியின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொள்வார். முறியப் போகிற மரம் முதலில் உள்ளே முறுமுறுக்கும், அப்பளம் உடைவது போல.

முதல் தடியில் முள் ஏறிக்கொண்டே போனது.

"கொஞ்சம் கூடவே வளையுது," என்றார் ரெக்ஸலின், காதை எடுக்காமல். "நாரு எப்படிச் சுத்தியிருக்கோ அதைப் பொறுத்துதான் இது. இளங்கட்டையில செல்லுக்குச் சுவர் நூலு படுக்கையா சுத்தியிருக்கும், ஸ்பிரிங் மாதிரி. முத்தினதுல நிமிந்து நிக்கும், கம்பி மாதிரி. உங்க மரத்துல பத்து கம்பிக்கு ரெண்டு ஸ்பிரிங்கு."

"தாங்குமுங்களா?"

"வளையும்னுதான் சொன்னேன். முறியும்னு சொல்லல. ஒரு முணுமுணுப்புகூட இல்ல. அடுத்ததை ஏத்துங்க."

மூன்றாம் நாள் மாலைக்குள் இருபத்து மூன்றும் தேறிவிட்டன. யாரோ லட்டு வாங்கி வந்திருந்தார்கள். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. பதினேழு பாக்கி இருந்தது.

அஸ்வினே அதை உருட்டிக்கொண்டு வந்தார். மிதுன் போய் மறுமுனையைப் பிடித்தார்.

ரெக்ஸலின் ஒலிக் கருவியை வைத்துப் பிளவைப் பின்தொடர்ந்தார். ஒரு முனையில் ஒன்றரை மீட்டர், மறுமுனையில் ஒன்றே முக்கால். அதற்குப் பிறகு விரிசல் இல்லை. "நடுப்பகுதி கல்லு மாதிரி இருக்கு. இந்த இருபத்து நாலுல இதுதான் கெட்டியான மரம் அண்ணாச்சி. ஆனா ஒன்பதரை மீட்டர்ல ஆறே கால்தான் தேறும். ஒரு கண்ணுக்கு ஒன்பது மீட்டர் வேணும்."

"எல்லாக் கண்ணும் ஒம்போது இல்லீங்க," என்றார் அஸ்வின்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கடைசித் தூணுக்கும் மேக்கரைப் பாறைக்கும் நடுவால நெம்பக் குறைச்சல். அந்த எடத்துல துடுப்பு நாலு தடவைதான் விழும். மத்த கண்ணுல ஆறு தடவை." விரலால் காற்றில் துடுப்புப் போட்டுக் காட்டினார். "முப்பது வருசமா போட்டுட்டு இருக்கறனுங்க."

ரெக்ஸலின் வரைபடத்தை எடுத்தார். வரைபடத்தில் ஆறு கண்ணும் ஒரே அளவு. யாரோ மேசையில் உட்கார்ந்து போட்டது. நாடாவை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வறண்ட மண்ணில் நடந்து போய் அளந்தார்கள். ஐந்து மீட்டர் எண்பது.

பதினேழின் இரு முனையையும் அறுத்துவிட்டுப் பாரம் ஏற்றியபோது முள் மற்றவற்றில் வந்ததில் பாதிகூட வரவில்லை. மிதுன் லட்டு டப்பாவைத் திறந்து முதல் லட்டை அஸ்வினிடம் நீட்டினார்.

"அன்னைக்கு வாய் தவறிப்போச்சுங்க."

"உங்க வாய் என்னைக்குத் தவறாம இருந்துச்சு," என்று அஸ்வின் லட்டை வாங்கிக்கொண்டார்.

பாலம் வைகாசி கடைசியில் முடிந்தது. தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. முதல் ஆளாக ஹரிணி மேக்கரையிலிருந்து நடந்து வந்தார், நடுவில் நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்தார், வந்து தங்கையிடம், "பரவால்ல, வளந்திருச்சு," என்றார். தன்யஸ்ரீ அழுததைப் பார்த்தவர்கள் உண்டு; கண்ணில் தூசு என்று அவர் சொன்னதையும் நம்பியவர்கள் உண்டு.

ரெக்ஸலினின் அறிக்கை நாற்றுப் பண்ணைக்காரர்களுக்குப் போயிற்று. இரண்டு மாதத்தில் புதிய கையேடு வந்தது. நிறுத்தக் கூடாது என்ற கொட்டை எழுத்தைக் காணோம். அதற்குப் பதிலாக, மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லாக் காப்பும் தானாகவே ஓய்ந்துவிடும் என்றும், பல வருட ஆராய்ச்சியின் பயன் இது என்றும் போட்டிருந்தது. ஊத்துப்பாளையத்தில் அடுத்த பாலத்துக்காகக் கன்றுகள் நட்டாகிவிட்டது. காப்பு மாட்டியதும் அவற்றுக்குத் திங்கட்கிழமையும் லீவு, அமாவாசையும் லீவு. அமாவாசையை எப்படி விட முடியும் என்கிறார் மிதுன்.

அஸ்வினைப் பாலத்துக்குக் காவலாகப் போட்டார்கள். தினமும் காலையில் ஆறு கண்ணிலும் நடந்து, போல்ட்டுகளை முடுக்கி, ஈரம் ஊறிய இடங்களைக் குறித்து வைக்க வேண்டும். வேலையை விளக்கிச் சொல்லிவிட்டுத் தன்யஸ்ரீ, "வேற ஏதாச்சும் கேக்கோணுமுங்களா?" என்றார்.

அஸ்வின் வெகுநேரம் யோசித்தார்.

"மரத்துக்கு ரெண்டு லீவு ஆயிப்போச்சு," என்றார். "எனக்கு ஒண்ணு கெடைக்குமுங்களா?"

ஆவணி அமாவாசைக்கு அவருக்கு அந்த லீவு வந்தது. அன்றைக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் சட்டையை மாற்றினார், டீக்கடைக்குப் போனார், திரும்பி வந்தார். பத்து மணிக்குப் பரிசலைக் கவிழ்த்துத் துடைத்துத் தண்ணீரில் தள்ளி, ஆள் யாரையும் ஏற்றாமல் தனியாக ஏறிக்கொண்டார். துடுப்பை மடியில் வைத்துவிட்டார். பரிசல் தன் இஷ்டத்துக்கு மெல்லச் சுற்றிக்கொண்டு நின்றது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் கரையைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேக்கரைக் கரையில் ஹரிணி கோயிலுக்குக் கிளம்பி வந்தார். கையில் பூக்கூடை. பாலத்தின் முதல் பலகையில் ஒரு காலை வைத்தவர், பரிசலைக் கண்டதும் பழக்க தோஷத்தில் கையை உயர்த்தினார்.

"ஏனுங்க அஸ்வினு. அக்கட்ட வரோணும், பரிசலை இப்புடி உடுங்க."

அஸ்வின் துடுப்பை எடுக்கவில்லை.

"இன்னைக்கு லீவுங்க," என்றார். "பாலத்துல போங்க."